துலாக்கோலில் அமர்ந்த மருத்துவர்

நாள்தோறும் உண்டும் பருகியும் வாழும் மனிதனின் எடை ஏறக்குறைய மாறாமல் இருப்பது ஏன்? உட்கொண்டவற்றுள் கழிவாக வெளியேறியது போக எஞ்சியது எங்கே செல்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காணத் தம் உடலையே ஆய்வுக்களமாக்கிக் கொண்டவர் சாந்தோரியோ என்னும் மருத்துவர்.

அவர் 1561ஆம் ஆண்டு, வெனிஸ் குடியரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கப்போதிஸ்திரியா என்னும் கடற்கரை நகரில் பிறந்தார். கோப்பர் என இன்று வழங்கும் அந்நகர் சுலோவேனியா நாட்டில் உள்ளது. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் பயின்று 1582இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1611இல் அங்கேயே பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

பண்டைய மருத்துவர் கேலனின் நூல்களே அக்கால மருத்துவத்திற்கு அடிப்படையாக விளங்கின. காய்ச்சலின் கடுமையையும் நாடியின் விரைவையும் மருத்துவர்கள் தொட்டுப் பார்த்தே உணர்ந்தனர். ஒருவர் உணர்ந்ததை மற்றொருவர் சரிபார்க்க வழியில்லை. சாந்தோரியோ கேலனைப் புறக்கணித்தவர் அல்லர். ஆயினும், சொல்லால் உரைக்கப்பட்டதை எண்ணால் அறிய விழைந்தார். நூலில் கட்டிய குண்டை ஊசலாடவிட்டு, அதன் அசைவு நாடித்துடிப்போடு ஒத்துவரும்வரை நூலின் நீளத்தை மாற்றினார். அந்நீளமே நாடியின் விரைவைக் காட்டும் அளவாயிற்று. அளவுக்கோடுகள் இட்ட வெப்பமானியால் நோயாளியின் உடல்வெப்பத்தை அறிய முயன்ற முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

அவருடைய பெரும் முயற்சி எடை பற்றியதாகும். பெரிய துலாக்கோல் ஒன்றில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து தம் எடையை மீண்டும் மீண்டும் நிறுத்தார். உண்ட உணவு, பருகிய நீர், வெளியேறிய கழிவு ஆகிய அனைத்தும் நிறுக்கப்பட்டன. ஊணும் உறக்கமும்கூட ஆய்வின் பகுதிகளாயின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்வாய்வு தொடர்ந்தது. ஒரு நாளில் எட்டு பவுண்டு உணவும் நீரும் உட்கொண்டால், அவற்றுள் ஐந்து பவுண்டு அளவு கண்ணுக்குப் புலப்படாமலேயே தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நீங்குகிறது என்று அவர் கணக்கிட்டார். இம்முடிவுகளை 1614இல் இலத்தீன் மொழியில் நூலாக வெளியிட்டார். பின்னர் அந்நூல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டது.

புலப்படாத இவ்வியர்வை தடைப்படுவதே நோய்க்குப் பெருங்காரணம் என்று சாந்தோரியோ கருதினார். அக்கருத்து நிலைபெறவில்லை. தோலின் வழியே நீங்குவது எவ்வளவு, மூச்சின் வழியே நீங்குவது எவ்வளவு என்று பிரித்தறியும் கருவியும் வேதியியல் அறிவும் அவர் காலத்தில் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிவியலாளர் லவாய்சியர் அவ்விரண்டையும் தனித்தனியே அளக்க முற்பட்டார். சாந்தோரியோ தம் நிறுவைக்குக் கற்பித்த பொருள் பிழைபட்டது. உடலை நிறுத்து அறியும் முறையோ நிலைத்தது. எண்ணாகப் பதிந்து வைத்தமையாலேயே பின்வந்தோர் அவரைச் சரிபார்க்கவும் திருத்தவும் இயன்றது.

1624இல் பேராசிரியர் பணியைத் துறந்து வெனிஸ் நகரில் குடியேறிய சாந்தோரியோ, 1636இல் அங்கேயே மறைந்தார். நடந்த அடிகளையும் இதயத்துடிப்பையும் உறங்கிய நேரத்தையும் இன்று மணிக்கட்டில் அணியும் கருவியே கணக்கிட்டுச் சொல்கிறது. அக்கணக்கை எளிதில் பெற்றுவிடலாம். அதன் பொருளை ஆராய்ந்து அறிவதே, அவர் காலத்தைப் போலவே இன்றும் அரிய பணியாக உள்ளது.