யாழ் நூலுக்குள் ஒரு கணித ஆசிரியர்

கணித ஆசிரியராக வரவிருக்கும் இளைஞர்கள் தம்பிலுவிலில் என்னிடம் பல்லாண்டுகளாகக் கேட்டுவரும் வினா ஒன்றுண்டு. பத்தாந் தர, பதினோராந் தர மாணவருக்குச் சமன்பாடும் கேத்திரகணிதமும் சொல்லிக்கொடுக்கப் போகிறவருக்குப் பட்டத்தின் மேலும் ஒரு படிப்பு எதற்கு என்பதே அது. பட்டப்பின் படிப்பிற் கற்கும் கணிதத்தில் ஒரு வரிகூட வகுப்பறைக் கரும்பலகையில் ஏறப் போவதில்லை என்பது அவர்களது வாதம். வாதம் வலிமையானதுதான். அதற்கு நான் விடையாகக் கூறுவது ஒரு மனிதரின் வரலாற்றை. அவர் பிறந்த ஊர் எங்கள் ஊருக்கு வடக்கே, அதே கடற்கரைச் சாலையில் உள்ளது. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர் ஆகியவற்றைக் கடந்தால் காரைதீவு.

1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாக அங்கே பிறந்த மயில்வாகனனைத்தான் உலகம் பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் என்று அறிந்தது. முத்தமிழ் வித்தகர் என்ற பெயர் அவர்க்கு நிலைத்துவிட்டது. எங்கள் பகுதி விழாக்களில் நான் கேட்ட சொற்பொழிவுகளுள் பெரும்பாலானவை அவரது துறவையும் தமிழையும் இசையையும் போற்றியவை. அவை போற்றத்தக்கனவே. ஆயினும் அவர் விஞ்ஞானப் பட்டதாரி என்பதையும், துறவு பூணுமுன்னர் விஞ்ஞான ஆசிரியராய் இருந்தார் என்பதையும் ஒரு வாக்கியத்திற் கூறி அப்பாற் சென்றுவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தை விரித்துப் பார்ப்பதே என் நோக்கம்.

ஊரிற் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிந்த சிறுவர், கல்முனையில் மெதடிஸ்த மிசனாரின் பள்ளியிலும், பின்னர் மட்டக்களப்பிலே சேசு சபைத் துறவியர் நடத்திய அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். பதினாறு வயதிற் கேம்பிரிட்சு சீனியர் பரீட்சையில் தேறினார். தேறியவுடன் கற்பிக்கத் தொடங்கினார். இங்கேதான் அவரது வாழ்வின் தாளம் அமைகிறது: சில காலம் கற்பித்தல், சில காலம் கற்றல், மீண்டும் கற்பித்தல். 1911இற் கொழும்பு அரசினர் ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்து பயிற்றப்பட்ட ஆசிரியராய் வெளிவந்தார். அக்காலத்தில் அத்தகுதி பெற்ற ஒருவர்க்கு வாழ்நாள் முழுவதற்கும் உத்தியோகம் உறுதி. மயில்வாகனனார் மட்டக்களப்பிற் சிறிது காலம் படிப்பித்துவிட்டு, 1915இல் மீண்டும் கொழும்பு சென்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராய் அமர்ந்தார். மறு ஆண்டில் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதல் தேறியவர் அவரே என்பர்.

கற்பிக்கும் முறையை முதலிற் பயின்று, கற்பிக்கும் பொருளின் ஆழத்தைப் பின்னர்த் தேடிய இவ்வரிசை எனக்கு எப்போதும் சிந்தனைக்குரியதாகவே இருந்துவந்துள்ளது. இன்றும் எங்கள் பகுதி ஆசிரியர் பலரது வழி இதுவே. முறையைக் கற்றாயிற்று, இனிப் பொருள் எதற்கு என்று பலர் நின்றுவிடும் இடத்திலிருந்துதான் அவர் புறப்பட்டார்.

1917இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். பகலில் வகுப்பு, எஞ்சிய பொழுதிற் பட்டப் படிப்பு. இலங்கைக்கு அன்று பல்கலைக்கழகம் கிடையாது. கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியதே 1921இல். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல். ஆனால் 1858 முதல் இலண்டன் பல்கலைக்கழகம், எங்கிருந்து எவர் கற்றாலும் தன் பரீட்சைக்குத் தோற்றலாம் என்று கதவைத் திறந்துவிட்டிருந்தது. நாம் இன்று வெளிவாரிப் பட்டம் என்று சற்றே இளக்காரமாகச் சொல்லும் அந்த வழியில்தான் 1920இல் அவர் விஞ்ஞானப் பட்டதாரியானார். உடனே மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரை அதிபராக ஏற்றது. இரண்டாண்டுகளில் அப்பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார், 1924இல் விபுலாநந்தரானார்.

துறவோடு அந்தக் கணிதமும் விஞ்ஞானமும் முடிந்தன என்று எண்ணுவோர் உளர். உண்மையில் அவை வேலை செய்யத் தொடங்கியது அதன் பின்னரே. ஈழம் திரும்பி இராமகிருஷ்ண மிசன் பாடசாலைகளை மேற்பார்வையிட்டதும், 1929இல் மட்டக்களப்புச் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவியதும் அனைவரும் அறிந்தவை. 1931 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தவர் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். (இன்றைய விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களை நிரப்பி அவர் அனுப்பியிருந்தால், நேர்முகத்துக்கே அழைத்திருப்பார்களோ என்னவோ.) 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் அடிகளாரே, அம்முயற்சியின் பயனாய்ச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இற் கலைச்சொற்கள் நூலை வெளியிட்டது. விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்பிக்க முடியும் என்று பேசியவர் பலர். சொல்லைத் தேடிக் கொடுக்க, இரண்டு பக்கமும் கற்றவர் வேண்டியிருந்தது.

இனி யாழ் நூலுக்கு வருவோம். மறைந்துபோன பழந்தமிழ் யாழின் உருவையும் அதன் நரம்புகளில் எழுந்த பண்களையும் மீட்க ஏறக்குறையப் பதினான்கு ஆண்டுகள் அவர் உழைத்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை உரையிற் பொதிந்து கிடந்தவற்றுக்கு உரை மட்டும் கற்றவரால் விளக்கம் காண இயலவில்லை. கணக்கு மட்டும் கற்றவர் அந்த உரையைத் திறந்தே பார்த்ததில்லை. பக்கம் பக்கமாய் விகிதங்களும் அட்டவணைகளும் நிறைந்த அந்நூலை இசை மாணவர் அஞ்சுவதும், கணித மாணவர் அது தமக்குரியதன்று என்று விலகுவதும் இன்றளவும் நான் காணும் காட்சி.

என் மாணவர்க்கு நான் காட்டும் ஒரு கணக்கை இங்கே தருகிறேன். பண்டைய நூலோர் ஏழிசைக்கும் அலகு வகுத்தனர்: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22. குரலிலிருந்து இளிவரை எண்ணினால் 13 அலகு. ஒரு நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாக்கினால் அதன் இளி ஒலிக்கும். பாதியாக்கினால் மேற்குரல் ஒலிக்கும். அதாவது அதிர்வெண் முன்னதில் ஒன்றரை மடங்கு, பின்னதில் இரு மடங்கு. காது கூட்டலாகக் கேட்பது எண்ணிற் பெருக்கலாக இருக்கிறது. பெருக்கலைக் கூட்டலாக்கும் கருவி எது? பதினோராந் தரத்திற் பிள்ளைகள் மனனஞ் செய்து வெறுக்கும் மடக்கையேதான். ஒன்றரையின் மடக்கையை இரண்டின் மடக்கையால் வகுத்து 22ஆற் பெருக்கிப் பாருங்கள்: 12.87 வரும். மடக்கை அட்டவணை பிறப்பதற்குப் பன்னூறாண்டு முன்னரே நம் முன்னோர் காதால் அளந்து 13 என்று வைத்தனர்.

மற்றொன்று வட்டப்பாலை. வட்டத்தைப் பன்னிரண்டு வீடுகளாக்கி, ஒரு வீட்டிலிருந்து ஏழாவது வீடு தள்ளி அடுத்த இளியைக் கொண்டு செல்வார்கள். பன்னிரண்டு வீடும் ஒன்றுவிடாமல் நிரம்பும். ஏன்? ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லை. எட்டெட்டாகத் தாண்டினால் மூன்று வீடுகளோடு சுழன்று நின்றுவிடும். பொதுக் காரணி ஆறாந் தரப் பாடம். அது ஏன் அவ்வாறு இயங்குகிறது என்பதற்கான நிறுவல் பல்கலைக்கழகப் பாடம். ஆறாந் தரத்துப் பிள்ளை ஏன் என்று கேட்கும்போது ஆசிரியருக்குத் தேவைப்படுவது அந்த இரண்டாவது பாடமே.

இவ்விளக்கங்கள் என் சொற்களில் அமைந்தவை. அடிகளார் சென்ற பாதை இதைவிட நெடியது, நுட்பமானது. அவர் முடிவுகள் சிலவற்றோடு பிற்கால இசையறிஞர் மாறுபட்டதும் உண்டு. அதனால் நூலின் பெருமை குன்றுவதில்லை. எண்ணால் எழுதப்பட்டதால்தானே அதனைச் சரிபார்க்கவும் மறுக்கவும் இயல்கிறது.

1947 சூன் 5, 6ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அடிகளார் அப்போதே நலிவுற்றிருந்தார். ஆறு வாரங்கள் கழித்து, சூலை 19ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதிற் கொழும்பில் மறைந்தார். உடலை மட்டக்களப்புக்குக் கொணர்ந்து, அவர் நிறுவிய சிவாநந்த வித்தியாலயத்தின் வளவிலேயே அடக்கம் செய்தனர்.