ஜோசப் மாரி ஜக்கார்டு

திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஆரணி, பட்டு நெசவிற்குப் பேர்பெற்ற ஊராகும். அங்குக் கைத்தறிகளின் மேலே ஒரு பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். துளையிட்ட அட்டைகள் கோவையாகக் கட்டப்பெற்று அதனின்று தொங்கும். நெசவாளர் அதனை ஜக்கார்டுப் பெட்டி என்று வழங்குவர். ஜக்கார்டு என்பது ஒரு மனிதரின் பெயர்.

பட்டில் நேர்கோடு நெய்வது எளிது. மாங்காயின் வளைவையும் மயிலின் கழுத்தையும் நெய்வது அரிது. பாவு நூல் நீளவாக்கில் ஓடும். ஊடை நூல் அதற்குக் குறுக்கே ஓடும். வளைந்து செல்லும் நூல் தறியில் இல்லை. ஆகவே, வடிவத்தை முதலில் கட்டத்தாளில் வரைந்துகொள்வர். ஒவ்வோர் ஊடைக்கும் எந்தப் பாவு நூல்கள் உயர வேண்டும் என்பதை அக்கட்டங்கள் காட்டும். வரிசைதோறும் ஒன்றிரண்டு கட்டங்கள் விலகிச் செல்லும் சிறு படிகளே, சற்று எட்ட நின்று பார்க்குங்கால் வளைவாகத் தோன்றும்.

ஜக்கார்டு 1752-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்தார். ஆரணியைப் போன்றே அந்நகரும் பட்டினால் வாழ்ந்தது. தந்தையார் நெசவாளர். ஜக்கார்டு இளமையிலேயே தாயை இழந்தார். இருபதாம் வயதில் தந்தையையும் இழந்தார். 1793-இல் புரட்சிப் போரில் லியோன் நகரைக் காக்கும் படையில் நின்று போரிட்டார். அவருடைய ஒரே மைந்தனும் போர்க்களத்தில் உயிர் துறந்தான். இத்துணைத் துன்பங்களுக்கு இடையிலும் அவர் தறியை மறந்தாரல்லர்.

அந்நாளில் பூவேலைத் தறிக்கு ஒருவர் போதார். நெசவாளர் ஊடை செலுத்துவார். உதவியாளர் ஒருவர் வரிசைக்கு ஏற்பக் கயிறுகளை இழுத்துப் பாவு நூல்களை உயர்த்துவார். சிறுவரும் இக்கடும்பணியில் நாள் முழுவதும் உழன்றனர். ஒரு கயிறு தவறினால் வளைவு கெடும்.

இப்பணியைக் கருவியிடம் ஒப்படைக்க ஜக்கார்டு விழைந்தார். 1801-இல் பாரிசு நகரில் நடந்த பொருட்காட்சியில் தம் தறியை வைத்துப் பதக்கம் பெற்றார். பின்னர் அந்நகருக்கு அழைக்கப்பெற்று, வோக்கான்சோன் என்பவர் முன்னர் அமைத்த தறியை ஆராய்ந்தார். துளையிட்ட தாளையும் அட்டையையும் தறியில் பயன்படுத்தும் எண்ணம் அவருக்கு முன்பே தோன்றியிருந்தது. முன்னோர் முயற்சிகளை ஒன்றுசேர்த்து, 1804-ஆம் ஆண்டில் அவர் தம் கருவியை உருவாக்கினார். அதில் ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் ஊசி உட்புகும்; அதனோடு இணைந்த கொக்கி பாவு நூலை உயர்த்தும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், நூல் உயராது.

லியோன் நெசவாளர் இதனைக் கண்டு மகிழவில்லை. கயிறு இழுப்போர் வேலை போய்விடும் என்று அஞ்சிக் கடுமையாக எதிர்த்தனர். அவ்வச்சம் பொய்யன்று, பலர் அப்பணியை இழந்தனர். ஆனால், சிறுவரின் முதுகொடியும் உழைப்பும் அதனுடன் குறைந்தது. 1806-இல் அரசு அத்தறியைப் பொதுவுடைமையாக்கி, ஜக்கார்டுக்கு உதவிப்பணம் வழங்கியது. 1812-ஆம் ஆண்டளவில் பிரான்சில் ஏறத்தாழ 11,000 தறிகள் இம்முறையில் இயங்கின. 1834-இல் அவர் மறைந்தார்.

அவர் மறைந்த பின்னர், 1839-இல் அவரது உருவமே பட்டில் நெய்யப்பட்டது. அதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. முகத்தின் நுண்ணிய வளைவுகளும் நிழலும் அதில் விளங்கின. கணக்கிடும் பொறியை எண்ணிக்கொண்டிருந்த ஆங்கில அறிஞர் சார்லசு பாபேஜ் அதன் படியொன்றைப் பெற்றுப் போற்றினார். தம் பொறிக்கும் துளை அட்டைகளையே கருதினார்.

1960-களில் பியேர் பெசியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், ரெனோ தொழிற்சாலையில் மோட்டார் வண்டிகளின் வளைந்த உடலைச் சில புள்ளிகளால் வரையறுக்கும் முறையை உருவாக்கினார். இன்று கணிப்பொறித் திரையில் வடிவம் வரைவோர் அம்முறையைக் கையாள்கின்றனர். புதிதாகப் பழகுவோர் புள்ளிகளை மிகுதியாக இட்டு, வளைவைச் சுருக்கமும் மேடுபள்ளமும் உடையதாக்கிவிடுவர். பழகிய பின்னரே, புள்ளிகள் சிலவாயினும் உரிய இடத்தில் அமைந்தால் வளைவு சீராக ஓடும் என்பதை உணர்வர்.

கட்டத்தாளாயினும், அட்டையாயினும், திரையாயினும் உண்மை ஒன்றே. பெரிய வளைவும் சிறிய தீர்மானங்களால் ஆகியது. எங்கே நூல் உயர வேண்டும், எங்கே தாழ வேண்டும் என்று முதலில் எண்ணித் தீர்ப்பவர் மனிதரே. கருவி அதனை மறவாது செய்யும், அவ்வளவே. ஆகவே, கருவியைப் பழகுவோர் கண்ணையும் கருத்தையும் முதலில் பழக்குதல் வேண்டும்.