பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்

பாலாற்றங்கரையில், அரங்கநாதர் கோயிலாற் சிறப்புற்று விளங்கும் ஊர் பள்ளிகொண்டா. சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர் வழியாகச் செல்கிறது. இதனைச் சூழ்ந்துள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முதலிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. பச்சைத் தோல் சில நாட்களிலேயே அழுகிவிடும். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் சாற்றில் ஊறிப் பதம் பெற்ற தோலோ பல்லாண்டுகள் நிலைத்திருக்கும். அச்சாறு தோலினுள்ளே எதனைப் பற்றிக்கொள்கிறது? கொலாஜன் என்னும் புரதத்தையே அது பற்றிக்கொள்கிறது. நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதியளிப்பதும் இப்புரதமே. பதனிடுவோர் கைகளில் நாள்தோறும் புழங்கிய இப்பொருளின் உள்ளமைப்பு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் விடுபடாத புதிராகவே இருந்தது. அப்புதிரை விடுவித்த பெருமை சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனைச் சாரும்.

இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்திற் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் அவ்வூர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ஆதலின் இளமையிலேயே கணிதத்தின் சுவையை மைந்தர் வீட்டிலிருந்தே உணர்ந்தார். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்று சிறப்புறத் தேறினார். பின்னர் 1942ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே பௌதிகத் துறைக்குத் தலைவராக விளங்கிய சர் சி. வி. இராமன் இவரது கூர்த்த மதியைக் கண்டார். இவரைத் தம் துறைக்கு மாற்றிக்கொண்டு, தம் மாணவர் ஒருவரை மின்பொறியியல் துறைக்கு அனுப்பினார் என்பர். பொன்னின் மாற்றறிந்த வணிகர் போன்று மாணவரின் திறமறிந்த ஆசிரியர் இராமன்.

1945ஆம் ஆண்டில் இராமச்சந்திரன் இராஜலட்சுமி அம்மையாரை மணந்தார். 1947ஆம் ஆண்டு மேற்படிப்பிற்காக இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1949இல் தாயகம் மீண்டார். 1952ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் பௌதிகத் துறைக்குத் தக்க தலைவர் ஒருவரை நாடினார். சர் சி. வி. இராமன் தம் மாணவரையே பரிந்துரைத்தார். முப்பது வயதை எட்டும் பருவத்திலேயே இராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் அமர்ந்தார்.

அக்காலத்தில் சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளியப்படவில்லை என்பதை எடுத்துரைத்தார். இராமச்சந்திரன் அதனையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அண்மையிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இவருக்குத் துணைநின்றது. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாரிற் பெறப்பட்ட கொலாஜனைப் பெற்றார். எக்ஸ் கதிர்களை அதனூடே செலுத்தி, அவை சிதறி விழும் கோலத்தைப் படமெடுத்தார். தம்முடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவுடன் இரவுபகலாக முயன்று, 1954ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அதனைச் செப்பஞ்செய்தார்.

அவர் கண்ட உண்மை யாது? நம் ஊர்களில் மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கிக் கயிறு திரிப்பதைப் பலரும் கண்டிருப்பர். தனிப்புரி எளிதில் அறும், முப்புரி அறாது. கொலாஜனும் அத்தகையதே. மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கேறி நிற்கின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசீன் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் அமைந்துள்ளது. முறுக்கின் நடுவே பெரிய உறுப்புக்கு இடமின்மையே அதற்குக் காரணம்.

இம்முடிபை உலகம் எளிதில் ஏற்கவில்லை. பெரும்புகழ் வாய்ந்த கிரிக், ரிச் என்னும் அறிஞர் இருவரும் அவ்வமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மிஞ்சி நெருங்கியுள்ளன என்று குறை கூறினர். பிறராயின் சினந்து வாதிட்டிருப்பர். அன்றி மனந்தளர்ந்து அப்பொருளையே கைவிட்டிருப்பர். இராமச்சந்திரன் இரண்டையும் செய்யவில்லை. அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு தொலைவு வரை நெருங்கலாம் என்னும் வினாவையே எடுத்துக்கொண்டு, அதுவரை அறியப்பட்ட படிகங்களின் அளவுகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தார். மாணவர்களாகிய இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, 1963ஆம் ஆண்டில் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் வளையக்கூடும், எவற்றில் வளைதல் இயலாது என்பதை அப்படம் காட்டும். இராமச்சந்திரன் வரைபடம் என்னும் பெயருடன் அது உலகெங்கும் இன்றும் வழங்குகிறது. புதிதாக ஒரு புரதத்தின் வடிவம் அறியப்படுமாயின், அது பிழையற்றதா என்று சோதிக்கும் உரைகல்லாக அது பயன்படுகிறது. கொலாஜனின் அமைப்பில் சில நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தம் பெற்றன. ஆயினும் முப்புரி என்னும் அடிப்படைக் கொள்கை நிலைபெற்றது.

1970ஆம் ஆண்டையொட்டி இவர் மீண்டும் பெங்களூர் சென்று மூலக்கூற்று உயிர்ப்பௌதிகத் துறையை நிறுவினார். உடலின் உட்பகுதியை எக்ஸ் கதிர்ப் படங்களினின்றும் கணக்கிட்டு உருவமைக்கும் முறையொன்றை, இலட்சுமிநாராயணன் என்பாருடன் 1971இல் வகுத்தளித்தார். மருத்துவமனைகளில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் படங்களுக்கு இத்தகைய கணக்கே அடிப்படை. 1977ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கம் இவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. நோபெல் பரிசு இவருக்குக் கிட்டவில்லை. எனினும் அப்பரிசு பெற்றோர் பலரது நூல்களில் காணப்படாத அளவுக்கு இவர் பெயர் பாடநூல்கள்தோறும் இடம்பெற்றுள்ளது.

இத்துணை உழைப்புக்கும் ஊன்றுகோலாய் நின்றவர் இராஜலட்சுமி அம்மையார். கணவர் கணக்கிலும் படத்திலும் ஆழ்ந்திருந்த நாட்களில் இல்லறத்தின் சுமையைத் தாங்கி மக்கள் மூவரையும் பேணி வளர்த்தார். அம்மூவருள் ஒருவராகிய ரமேஷ் நாராயண், விண்பௌதிகத்தில் உலகப் புகழ் பெற்று ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரானார். தாத்தா கணிதம், தந்தை பௌதிகம், மைந்தர் விண்ணியல் என மூன்று தலைமுறையாகக் கல்விச் செல்வம் அக்குடும்பத்தில் தழைத்தது.

முதுமையில் நடுக்குவாத நோய் பேராசிரியரை வருத்தியது. 1998ஆம் ஆண்டில் துணைவியார் மறைந்தமை அவருக்குப் பேரிடியாயிற்று. அடுத்த ஆண்டில் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் எவால்டு பரிசளித்துப் பாராட்டியபோது, உடன் மகிழ அம்மையார் இல்லை. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இராமச்சந்திரன் சென்னையில் இயற்கை எய்தினார்.

மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கிற்கு அவர் கண்ட முப்புரியின் பெயரையே சூட்டியுள்ளனர். குறை கூறியோரைப் பகைவராகக் கருதாது, அக்குறையையே ஆய்வுக்குரிய வினாவாக ஏற்றார் அவர். அவர்தம் பெரும்புகழுக்கு வித்திட்டது அப்பண்பே. கற்போர் அனைவரும் கைக்கொள்ளத் தக்கதும் அதுவே.