விடுதலைக்கு வித்திட்ட ஆசிரியர்

ஆசிரியத் தொழிலின் பயன் உடனே கண்ணுக்குப் புலப்படுவதன்று. வீடு கட்டுவோன் தான் எழுப்பிய சுவரை அன்று மாலையே பார்த்து மகிழலாம். வயலுழுவோன் சில திங்களில் விளைவைக் காணலாம். எழுத்தறிவிப்போன் இட்ட வித்து எங்கே, எப்போது முளைக்குமென்பதை அவனே அறியான். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்கா இன்னும் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாயிருந்த காலத்தில், பிலதெல்பியா நகரில் வாழ்ந்த அந்தோனி பெனெசெற் என்னும் பள்ளியாசிரியரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பெனெசெற் 1713ஆம் ஆண்டு தை மாதம் 31ஆந் திகதி பிரான்சு தேசத்தின் வடபாலுள்ள சென் காந்தேன் நகரிலே பிறந்தார். அவருடைய குடும்பத்தார் புரட்டஸ்தாந்து சமயத்தினர். பதினான்காம் லூயி மன்னன் 1685இல் அச்சமயத்தவரின் வழிபாட்டுரிமையைப் பறித்த பின்னர் அவர்களுக்குச் சொந்த நாடே பகை நாடாயிற்று. 1715இல் உடைமைகளை இழந்து அக்குடும்பம் நாட்டைவிட்டு ஓடியபோது பெனெசெற் இரண்டு வயதுக் குழந்தை. ஒல்லாந்தின் றொட்டர்டாம் நகரிலும் பின்னர் இலண்டனிலும் தங்கிய அவர்கள், 1731இல் கடல்கடந்து பிலதெல்பியாவை அடைந்தனர்.

அந்நகரை 1682இல் நிறுவியவர் குவேக்கர் சபையைச் சேர்ந்த வில்லியம் பென். ஒவ்வொரு மனிதரின் உள்ளத்திலும் தெய்வ ஒளி உண்டென்பதும், போர் பாவமென்பதும் அச்சபையாரின் கொள்கை. ஆயினும் அவர்களுட் பலர் ஆபிரிக்க அடிமைகளை வைத்திருந்தனர். வில்லியம் பென்னும் அதற்கு விலக்கல்லர். 1688இல் அருகிலிருந்த ஜேர்மன்ரவுண் ஊரினர் நால்வர் இத்தீமையைக் கண்டித்துச் சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினர். சபையின் பெரியோர் அதனை ஒருவர்கையிலிருந்து மற்றொருவர்கைக்கு மாற்றி, முடிவெதுவும் கூறாமல் ஒதுக்கிவிட்டனர்.

அதே ஜேர்மன்ரவுணிலேதான் 1739இல் பெனெசெற் ஆசிரியப் பணியைத் தொடங்கினார். அவருடைய உடன்பிறந்தார் வணிகத்திற் பொருள் திரட்டினர். அவருக்கோ அத்தொழிலில் மனம் ஒட்டவில்லை. 1742இல் பிலதெல்பியாவில் குவேக்கர் நடத்திய ஆங்கிலப் பாடசாலைக்கு மாறினார். பிரம்பே பள்ளிக்கூடத்தின் செங்கோலாயிருந்த அக்காலத்தில் அன்பினாற் பிள்ளைகளை வசப்படுத்திக் கற்பித்தார். பெண்களுக்குக் கல்வி எதற்கென்று கேட்ட உலகிலே, அவர்களுக்கெனத் தனிப் பள்ளியொன்றைத் திறந்தார். 1736இல் அவர் மணந்த ஜோய்ஸ் மரியற் அம்மையாருக்குப் பிறந்த மக்கள் இருவரும் குழவிப் பருவத்திலேயே மாண்டனர். ஊரார் பிள்ளைகளே அவருக்குப் பிள்ளைகளாயினர்.

1750ஆம் ஆண்டளவில் அவர் செய்த ஒரு செயல் அக்காலத்தாருக்குப் புதுமையாகத் தோன்றியது. பகலெல்லாம் பாடசாலையில் உழைத்துவிட்டு, மாலையில் தம் இல்லத்திலே கறுப்பினப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கலானார். எவரும் அவருக்கு இப்பணியைப் பணிக்கவில்லை, ஊதியமும் இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இம்மாலை வகுப்பு நடைபெற்றது.

அம்மாலை வகுப்பிலே பெரியதொரு வழக்கு தீர்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஆபிரிக்கர் இயல்பிலேயே அறிவிற் குறைந்தவர், ஆதலால் அடிமைத்தனமே அவர்க்குத் தக்க நிலை என்பது அடிமை வணிகத்துக்குக் கவசமாயிருந்த வாதம். வணிகரும் தோட்டக்காரருமே அன்றிக் கற்றோரும் அவ்வாறு எண்ணினர். ஸ்கொத்லாந்துத் தத்துவஞானியாகிய டேவிட் ஹியூம், 1753இல் தம் கட்டுரையொன்றிற் சேர்த்த அடிக்குறிப்பிலே, வெள்ளையரல்லாதார் இயல்பிலேயே தாழ்ந்தவரென்று ஐயுறுவதாக எழுதினார். அப்பெருமேதை தம் நூலறையிலிருந்து இதனை எழுதியபோது, பெனெசெற் மூன்றாண்டு காலம் அப்பிள்ளைகளோடு ஒரே மேசையில் இருந்து பழகியிருந்தார். வெள்ளைப் பிள்ளைகளிடையே காணப்படும் திறமை வேறுபாடுகள் அத்தனையும் கறுப்புப் பிள்ளைகளிடையேயும் காணப்படுகின்றனவென்றும், அவர்களைத் தாழ்த்துவது பிறப்பன்று, அடிமைத்தனமே என்றும் அவர் கண்டார். கண்டதைப் பின்னர் அச்சிலும் சொன்னார். இரு இனத்துப் பிள்ளைகளுக்கும் நாள்தோறும் கற்பித்த ஒருவரின் சாட்சியாதலால் அது எளிதில் தள்ளத்தக்கதாயிருக்கவில்லை.

அவருடைய இரக்கம் ஓர் இனத்தோடு நின்றுவிடவில்லை. 1755இல் ஆங்கிலேயர், நோவா ஸ்கோஷியாவில் வாழ்ந்த அக்காடியர் எனப்படும் பிரெஞ்சுக் குடிமக்களை வேரோடு பெயர்த்துப் பல குடியேற்றங்களுக்கும் நாடு கடத்தினர். அவ்வாண்டின் இறுதியில் மூன்று கப்பல்களில் ஏறத்தாழ 450 பேர் பிலதெல்பியாத் துறையை அடைந்தனர். பிரான்சோடு போர் மூண்டிருந்த வேளை, வந்தோர் கத்தோலிக்கர், நோயுற்றோரும் அவரிடையே இருந்தனர். நகரம் அஞ்சியது. பெனெசெற் கப்பலேறிச் சென்று, தம் தாய்மொழியிலே அவர்களுடன் உரையாடி, உணவும் உடையும் சேர்த்துக் கொடுத்து, குடியிருக்க இடமும் தேடித் தந்தார். கத்தோலிக்க மன்னனின் சட்டத்தால் நாடிழந்த குடும்பத்தின் மகன், நாடிழந்து வந்த கத்தோலிக்கருக்குத் துணைநின்றார். பட்ட துன்பம் சிலரைப் பழிவாங்கத் தூண்டும். அவருக்கோ அது பிறர் துன்பத்தை அறியும் கண்ணாயிற்று.

அடிமை வணிகத்துக்கு எதிராக அவர் எழுதிய நூல்கள் 1759 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 1762இல் ஆபிரிக்காவைப்பற்றிய சிறுநூலும், 1766இல் பிரித்தானியாவுக்கு எச்சரிக்கையாக ஒரு நூலும், 1771இல் கினி நாட்டின் வரலாறும் அவற்றுட் குறிப்பிடத்தக்கன. அவர் ஆபிரிக்காவைக் கண்ணாற் கண்டவரல்லர். எனவே அங்கு சென்று வந்த பயணிகளும், அடிமை வணிகத்தில் ஈடுபட்டோரும், செனகல் நாட்டில் வாழ்ந்த பிரெஞ்சுத் தாவர அறிஞர் அடன்சனும் எழுதிய நூல்களைத் தேடிப் படித்தார். ஆபிரிக்கர் பயிர் செய்து, நெய்து, ஊரமைத்து, முறைசெய்து வாழ்ந்தவர் என்பதற்கும், கப்பல்களில் அவர்கள் பட்ட கொடுமைகளுக்கும் அந்நூல்களிலிருந்தே ஆதாரங் காட்டினார். குற்றவாளியின் கணக்கேட்டையே அவனுக்கு எதிர்ச் சாட்சியாக்கும் வழக்கறிஞரைப் போன்றது அவர் கைக்கொண்ட முறை.

தம் சபையின் மனத்தை மாற்றுவதே அவருக்கு மிகக் கடினமாயிருந்தது. அவரும், நியூ ஜேர்சியைச் சேர்ந்த தையற்காரராகிய ஜோன் வூல்மனும் அதற்கென அயராது உழைத்தனர். 1754இல் அடிமை வாங்குவதைக் கண்டிக்கும் அறிக்கையைச் சபை வெளியிட்டது. 1758இல், அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபைக் காரியங்களிற் பங்குகொள்ளலாகாதென விதித்தது. 1776இல், அடிமைகளை விடுவிக்க மறுப்போரைச் சபையிலிருந்தே நீக்கத் துணிந்தது. ஜேர்மன்ரவுண் விண்ணப்பத்துக்கு விடை கிடைக்க 88 ஆண்டுகள் சென்றன.

அவர் தூண்டுதலால் 1770இல் குவேக்கர் சபை ஆபிரிக்கப் பிள்ளைகளுக்கெனப் பள்ளியொன்றை நிறுவிற்று. 1780இல் பென்சில்வேனியாச் சட்டசபை, படிப்படியாக அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டத்தை இயற்றிய காலத்தில், முதுமையையும் பொருட்படுத்தாது உறுப்பினரை நேரிற் கண்டு பேசினார். அச்சட்டம் குறையுடையதே. அடிமைகளாயிருந்தோரை அது விடுவிக்கவில்லை. இனிப் பிறப்போருக்கும் 28 வயதிலேயே விடுதலை அளித்தது. ஆயினும் பூட்டிய கதவு சிறிது திறந்தது.

வாழ்வின் இறுதியாண்டுகளில், மற்ற வகுப்புகளை விட்டு ஆபிரிக்கப் பள்ளியிலேயே அவர் கற்பித்தார். 1784ஆம் ஆண்டு வைகாசி மாதம் 3ஆந் திகதி, 71ஆம் வயதில் இயற்கையெய்தினார். மனைவியாரின் காலத்திற்குப் பின் தம் பொருள் அப்பள்ளிக்கே சேர வேண்டுமென எழுதிவைத்திருந்தார். அவருடைய உடலின் பின்னே சென்ற பெருந்திரளில் கறுப்பின மக்கள் நூற்றுக்கணக்கிற் கலந்திருந்தனர்.

அவர் மறைந்த மறு ஆண்டு, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்கல் முறையாகுமா என்னும் பொருளில் இலத்தீன் கட்டுரைப் போட்டி நடைபெற்றது. பரிசை நாடிய தோமஸ் கிளார்க்சன் என்னும் மாணவர், பத்திரிகை விளம்பரமொன்றைக் கண்டு பெனெசெற்றின் கினி வரலாற்றை வாங்கினார். தேடியதெல்லாம் அதிற் கிடைத்தது. பரிசும் கிடைத்தது, ஆனால் படித்தவை அவரை உறங்கவிடவில்லை. தம் வாழ்நாளையே அப்பணிக்கு ஈந்தார். 1807இல் பிரித்தானியா அடிமை வணிகத்தைத் தடை செய்ததற்கு உழைத்தோருள் அவர் முதல் வரிசையினர்.

பிலதெல்பியாவிலும் வித்து முளைத்தது. பெனெசெற் தோன்றச் செய்த ஆபிரிக்கப் பள்ளியிலே பயின்ற சிறுவருள் ஒருவர் ஜேம்ஸ் போர்ட்டன். அவர் வளர்ந்து கப்பற்பாய் தைக்கும் தொழிலிற் பெருஞ்செல்வராகி, வெள்ளையரையும் கறுப்பரையும் ஒருங்கே வேலைக்கமர்த்தினார். 1831இல் அடிமைத்தனத்தை எதிர்க்கும் பத்திரிகையொன்று பொஸ்ரனிலே தொடங்கியபோது, பொருளுதவி செய்து அதனைத் தாங்கியவர்களுள் அவரும் ஒருவர்.

பெனெசெற் தம் உருவத்தை ஓவியமாகத் தீட்ட இடங்கொடுக்கவில்லை. தம் பிள்ளைகள் இருவரையும் மண்ணுக்குக் கொடுத்த அம்மனிதரின் முகத்தை இன்று நாம் காண முடியாது. அவர் எழுத்தறிவித்த பிள்ளைகளின் வழிமரபை வரலாறு காண்கின்றது.