முதல் காட்சியிலேயே கதாநாயகனைக் கொன்றவர்

(பி.எஸ்சி., இரண்டாமாண்டு)

பாலசந்தர் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர் இயக்குநர் கே. பாலசந்தரைத்தான் நினைத்துக்கொள்கிறோம். சென்ற ஆண்டுவரை நானும் அப்படித்தான். அவருக்கு முன்பே அதே பெயரில் தமிழ்த் திரையுலகில் இன்னொருவர் இருந்தார் என்பதும், அவர் உலகறிந்த வீணைக் கலைஞர் என்பதும், பாடல் ஒன்றுகூட இல்லாத முதல் தமிழ்ப் படத்தை எடுத்தவர் அவரே என்பதும் எனக்குத் தெரிந்தது ஒரு தகராற்றின் வழியாகத்தான். தகராறு எனக்கும் என் அம்மாவுக்கும்.

கல்லூரி விழாவில் திரையிட ஆறு நிமிடத் திகில் படம் ஒன்று எடுப்பதென்று நண்பர்கள் நால்வர் முடிவு செய்தோம். கையில் இருந்தவை இரண்டு செல்பேசிகள், இரவல் முக்காலி ஒன்று. கதை முழுதாக உருவாகவில்லை. ஆனால் தொடக்கக் காட்சி மட்டும் எல்லோர் மனத்திலும் பளிச்சென்று இருந்தது. நான் குடியிருக்கும் எட்டடுக்குக் குடியிருப்பு, நள்ளிரவு, விளக்கெரியாத மாடிப்படி, அடிப்படியில் ஒரு பிணம். அதை நான்கு பக்கத் தாளில் எழுதி வீட்டில் உரக்கப் படித்துப் பார்த்தேன். அடுப்படியில் இருந்த அம்மா வெளியே வந்தார். இந்தப் படியில்தான் பிணம் கிடக்க வேண்டுமா என்று கேட்டார். ஆமென்றேன். அப்படியானால் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மீண்டும் உள்ளே போய்விட்டார்.

காரணத்தைச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்க்கப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்போது எனக்குப் பத்து வயது. அதன்பின் என் அக்கா ஒரு கடையில் வேலை கேட்டுப் போனபோது, விண்ணப்பத்தில் இருந்த முகவரியைப் பார்த்ததும் அங்கிருந்தவர் முகம் மாறிப்போனதாம். பெரும்பாக்கம் என்றால் திருட்டும் வெட்டும் குத்தும் என்று வெளியில் உள்ளவர்கள் முன்பே ஒரு படம் எடுத்து முடித்துவிட்டார்கள். நீயும் அதையே எடுக்கப் போகிறாயா என்பதுதான் அம்மாவின் கேள்வி. நான் சளைக்காமல் வாதாடினேன். திகில் படமென்றால் பிணம் வேண்டும், இருட்டு வேண்டும், இங்கே இருப்பது இந்தப் படிதானே என்றேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை.

இதைக் கேள்வியுற்ற எங்கள் தமிழ் விரிவுரையாளர் ஒருவர், எழுதியதை மூடி வைத்துவிட்டு முதலில் ‘அந்த நாள்’ படத்தைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். கறுப்பு வெள்ளைப் படமா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பார்க்க உட்கார்ந்தேன்.

படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் குண்டடிபட்டுத் தள்ளாடி விழுந்து இறக்கிறார். அவர் யார், என்ன செய்தார், சுட்டது யார், ஒன்றும் நமக்குத் தெரியாது. ‘பராசக்தி’ வெளிவந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத நேரம் அது. நாடே கொண்டாடிக்கொண்டிருந்த நடிகரை, அவர் பேசும் வசனத்துக்காகவே மக்கள் கூடிய காலத்தில், வாய் திறக்கவிடாமல் முதல் காட்சியிலேயே சாகடித்திருக்கிறார் இயக்குநர். அதைச் செய்தபோது அவருக்கு வயது 27.

சுந்தரம் பாலசந்தர் 1927 ஜனவரி 18ஆம் நாள் பிறந்தார். இசையும் கலையும் தழைத்த குடும்பம். தந்தையார் சுந்தரம் ஐயர். தமையனார் எஸ். ராஜம் பிற்காலத்தில் கர்நாடக இசையிலும் ஓவியத்திலும் பெயர் பெற்றவர். 1934இல் பிரபாத் நிறுவனத்தார் ‘சீதா கல்யாணம்’ என்னும் தமிழ்ப் படத்தை எடுத்தபோது இந்தக் குடும்பமே அதில் நடித்தது. தந்தை ஜனகர், தமையன் ராமன், தமக்கை ஜெயலட்சுமி சீதை! உடன்பிறந்தவர்களை ராமனாகவும் சீதையாகவும் நிறுத்தியது அந்நாளில் சிலருக்கு முகச்சுளிப்பாக இருந்ததில் வியப்பில்லை. நம் சிறுவன் பாலசந்தருக்கு ராவணன் அவையில் கஞ்சிரா வாசிக்கும் வேடம்.

கஞ்சிராவில் தொடங்கிய கை, பிறகு எந்தக் கருவியைத் தொட்டாலும் பேசவைத்தது. சிதார் வாசித்தார். இளம் வயதிலேயே சென்னை வானொலியில் கலைஞராகச் சேர்ந்தார். வீணையை யாரிடமும் பாடம் கேட்காமல் தாமே கற்றுத் தேர்ந்தார். குருவென்று ஒருவரும் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதாலோ என்னவோ, அவர் வாழ்க்கையில் இந்தச் செய்தியைப் படித்தபோது சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டேன். ஆனால் அவருக்கு வீடு நிறைய இசை இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. தானாகக் கற்பது என்பது எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை.

திரையுலகமும் அவரை விடவில்லை. 1948இல் ‘இது நிஜமா’ படத்தில் இரட்டை வேடத்தில் நடித்து இசையும் அமைத்தார். அதே ஆண்டில் ‘என் கணவர்’ படத்தை இயக்கினார். 1951இல் ‘கைதி’. நடிப்பு, இயக்கம், இசை மூன்றையும் ஒருவரே சுமப்பது அன்று அரிது.

அடுத்து நிகழ்ந்ததுதான் எனக்கு முக்கியம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் ‘ரஷோமோன்’ 1951இல் வெனிஸ் விழாவில் தலையாய பரிசு பெற்றது. அது ஒரு திரைப்பட விழாவில் பாலசந்தரின் கண்ணில் பட்டது. ஒரு சாவு, அதைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். இந்த முறையில் தாமும் ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தார். அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த அந்தக் கதையைத்தான் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் கொண்டுபோனார். ஜாவர் சீதாராமன் திரைக்கதை வசனம் எழுதினார். துப்பறியும் அதிகாரியாகவும் அவரே நடித்தார்.

கதை நிகழும் காலத்தை அவர்கள் தேர்ந்தெடுத்த விதம் பாராட்டத்தக்கது. 1943 அக்டோபர் 11ஆம் நாள் இரவு ஜப்பானிய விமானம் ஒன்று சென்னை மீது குண்டு போட்டது. அதற்கு முந்திய ஆண்டே ஜப்பானியர் வருகிறார்கள் என்ற அச்சத்தில் ஏராளமானோர் நகரைவிட்டு ஓடியிருந்தனர். இருட்டடிப்பு, அபாயச் சங்கு, யாரை நம்புவதென்ற திகைப்பு, இவையெல்லாம் படம் பார்க்க வந்தவர்களுக்குப் பத்தாண்டுப் பழைய நினைவுகள். அந்த இரவை அடுத்து ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். வெடிச்சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் காவல் துறைக்குச் சொல்கிறார். சொன்னவர் மீதே சந்தேகம் வருகிறது! மனைவி, தம்பி, தம்பி மனைவி, அவனோடு பழகிய நடனக்காரி என்று ஒவ்வொருவராக விசாரிக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு ராஜன் பிறக்கிறான். முதல் காட்சியில் இறந்தவனைப் படம் முழுவதும் நாம் உயிரோடு பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கொலை செய்தவர் யாரென்று நான் இங்கே எழுதப்போவதில்லை. பார்க்காதவர்கள் பலர் உண்டு.

நடிகர் தேர்வில் நடந்த குழப்பமும் சுவையானது. முதலில் ராஜனாக நடித்தவர் எஸ்.வி. சகஸ்ரநாமம். வயது கூடுதலாகத் தெரிகிறதென்று அவரை மாற்றினார்கள். பிறகு கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என். விஸ்வநாதனை வைத்து எடுத்தார்கள். அதுவும் மெய்யப்பருக்கு நிறைவளிக்கவில்லை. மூன்றாவதாகத்தான் சிவாஜி வந்தார். எடுத்ததை எறிந்துவிட்டு மீண்டும் எடுப்பதில் பாலசந்தருக்கு உடன்பாடில்லை; இருந்தும் இறுதியில் இணங்கினார். இணங்காமல் போயிருந்தால் சுடப்பட்டு விழுபவர் யாரோ ஒருவராக இருந்திருப்பார், அந்த முதல் வெடிக்கு இத்தனை அதிர்ச்சி இருந்திருக்காது என்பது என் எண்ணம். இந்த ஒரு விஷயத்தில் முதலாளி சொன்னதுதான் சரி.

பாட்டு விஷயத்தில் மட்டும் பாலசந்தர் அசையவில்லை. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. இசையே மூச்சாக இருந்த ஒருவர் தம் படத்தில் பாட்டே வேண்டாமென்றது எதனால்? படத்தைப் பார்த்தால் புரிகிறது. சந்தேகம் என்பது ஒரு கயிறுபோல. நடுவில் ஒரு பாட்டை வைத்தால் கயிறு தளர்ந்துவிடும். எங்கே வாசிக்கக் கூடாது என்பதும் வீணைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா! எஸ். மாருதிராவின் ஒளிப்பதிவில் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். அந்த நிழலும், காலடி ஓசையும், இடையிடையே வரும் அமைதியும் பாட்டின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன.

‘அந்த நாள்’ 1954 ஏப்ரல் 13ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டுக்கு முன்தினம், வெளியாயிற்று. பாட்டு எங்கே என்று கேட்டு நடுவிலேயே எழுந்து போனவர்கள் உண்டு. பத்திரிகைகள் புகழ்ந்தன, வசூல் புகழுக்கு ஈடாக இல்லை. அவ்வாண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் தகுதிச் சான்று கிடைத்தது. பணம் போட்டவருக்குச் சான்றிதழ் எவ்வளவு ஆறுதல் தந்திருக்குமோ!

பிறகு பாலசந்தர் எடுத்த படங்கள் அதிகமில்லை. ‘அவன் அமரன்’ 1958இலும், ‘அவனா இவன்’ 1962இலும் வந்தன. 1964இல் வந்த ‘பொம்மை’யைத் திகில் படம் எடுக்க நினைக்கும் எவரும் பார்க்க வேண்டும். ஒருவரைக் கொல்ல வெடிகுண்டை ஒரு பொம்மைக்குள் வைக்கிறார்கள். பொம்மை கை தவறிப்போய் ஊரெல்லாம் சுற்றுகிறது. குண்டு இருப்பது நமக்குத் தெரியும், பொம்மையைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்களுக்குத் தெரியாது. ஒரு துளி ரத்தம் இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஜேசுதாஸைத் தமிழ்த் திரைக்கு அறிமுகப்படுத்தியதும் அந்தப் படத்தின் பாடலே. பாட்டு வேண்டாமென்று ஒரு படத்தில் பிடிவாதம் பிடித்தவர், பாட்டு வேண்டிய இடத்தில் அதை அள்ளிக் கொடுக்கவும் செய்தார். அகதா கிறிஸ்டியின் நாவலைத் தழுவிய ‘நடு இரவில்’ 1970இல் தாமதமாக வெளிவந்தது. அத்தோடு திரைக்கு வணக்கம் சொல்லிவிட்டு முழுக்க முழுக்க வீணைக்கே போய்விட்டார்.

வீணை வாழ்வு தனிக் கட்டுரைக்கு உரியது. 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் இசைத்தட்டுகளாகப் பதிவு செய்தார். வெளிநாடுகளில் கச்சேரிகள் செய்தார். 1982இல் பத்மபூஷண் பெற்றார். மனத்தில் பட்டதை அடித்துப் பேசுகிறவர். சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் பாடல்கள் குறித்து அவர் எழுப்பிய சர்ச்சை இசையுலகில் பெரும் புயலைக் கிளப்பியது. அதில் அவர் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு இசை அறிவு போதாது. கச்சேரிக்காகப் பிலாய் நகருக்குச் சென்றிருந்தபோது 1990 ஏப்ரல் 13ஆம் நாள் அங்கேயே காலமானார். ‘அந்த நாள்’ வெளியான அதே தேதி, 36 ஆண்டுகளுக்குப் பின்.

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிறேன். நான் செல்பேசியில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சோறு போட வந்த அம்மா துப்பாக்கிச் சத்தம் கேட்டு நின்றார். நின்றவர் உட்கார்ந்தார். இரண்டு நாளாகப் பேசாதவர், பாதிப் படத்தில் தம்பிக்காரன்தான் கொன்றிருப்பான் என்று என்னிடம் அடித்துச் சொன்னார். நான் பக்கத்து வீட்டுக்காரர் என்றேன். சோறு ஆறிப்போயிற்று.

மறுநாள் நண்பர்களைக் கூட்டி என் நான்கு பக்கத்தையும் கிழித்தேன். பாலசந்தர் கொலையை வைத்தது குடும்பம் நடத்தும் சாதாரண வீட்டில்; பயம் வந்தது இருட்டால் அல்ல, தெரிந்த முகங்களை இனி நம்பலாமா என்ற கேள்வியால். எங்கள் மாடிப்படி இருட்டைக் காட்டினால் பார்ப்பவர்கள் பயப்படமாட்டார்கள். நினைத்ததுதானே என்று தலையாட்டுவார்கள். இதை ஒரு நண்பன் ஒப்புக்கொள்ளவில்லை. பிணமில்லாமல் யார் பார்ப்பார்கள் என்று ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்ததால், பிணம் உண்டு, ஆனால் காட்டமாட்டோம் என்று சமாதானமானோம்.

புதிய தொடக்கம் இது. மாலை ஐந்து மணி. நான்காம் மாடி நடைவழி, நல்ல வெயில். கொடியில் துணி. ஒரு பெண் சுவரோரம் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுக்கிறாள். ஒரு சிறுவன் மிதிவண்டி டயரை உருட்டிக்கொண்டு போகிறான். பதினைந்து விநாடிவரை ஒன்றும் நடப்பதில்லை. திடீரென்று எங்கோ ஒரு சத்தம். அந்தப் பெண்ணின் கை நிற்கிறது. எல்லாக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஒரே ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. வெட்டில்லாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும்.

அந்தச் சத்தத்துக்குத்தான் பெரும்பாடு. துப்பாக்கி நம்மிடம் ஏது? பட்டாசு வெடித்தால் பட்டாசாகவே கேட்டது. கடைசியில் காலித் தண்ணீர்த் தொட்டியின் மேல் பலகையை ஓங்கி அடித்தோம். அடித்த அரை நிமிடத்தில் மெய்யாகவே எங்கள் தளத்தில் எல்லாக் கதவுகளும் திறந்துவிட்டன. எதிர்வீட்டு ஆயா கரண்டியோடு ஓடிவந்து எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். அதைப் படம் பிடிக்காமல் போனோமே என்பதுதான் வருத்தம்.

புளி எடுக்கும் பெண்ணாக அம்மா நடிக்கிறார். முதலில் மறுத்தார், எந்தச் சேலை கட்டுவது என்பதைத் தாமே முடிவு செய்வதாக இருந்தால் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு. கதையில் கொன்றது யாரென்று நாங்கள் நால்வரும் இன்னும் முடிவு செய்யவில்லை. அம்மா முடிவு செய்துவிட்டார். யாரென்று சொல்ல மறுக்கிறார்.