இரைச்சலுக்குள் ஒரு குரல்: கவனத்தை ஆராய்ந்த டொனால்ட் பிராட்பென்ட்

செலாயாங் மொத்தச் சந்தையின் விடியற்காலைப் பரபரப்பை அறியாதவர் இல்லை. லாரி இரைச்சல், பேரம் பேசும் குரல்கள், ஒலிக்கும் கைப்பேசிகள். அத்தனைக்கும் நடுவே கடைக்காரர் தம் எதிரில் நிற்பவர் சொல்வதை மட்டும் பிரித்துக் கேட்டுவிடுகிறார். இது எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து புகழ்பெற்றவர் பிரிட்டிஷ் உளவியலாளர் டொனால்ட் பிராட்பென்ட்.

1926 மே 6ஆம் நாள் பர்மிங்காமில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது அரச விமானப் படையில் சேர்ந்தார். பயிற்சிக்காக அமெரிக்கா சென்றபோது ஒன்றைக் கவனித்தார். பயிற்சி விமானத்தின் இருக்கைக்கு அடியில் ஒரே மாதிரி இரண்டு நெம்புகோல்கள் இருந்தன. ஒன்று இறக்கைத் தகடுகளை இயக்கும். மற்றொன்று சக்கரங்களை மடக்கும். அவசரத்தில் விமானிகள் மாற்றி இழுத்துவிட, விமானம் தரையில் மோதும். பழி விமானிமேல் விழுந்தது. கருவியை வடிவமைத்ததிலேயே கோளாறு என்று அந்த இளைஞருக்குத் தோன்றியது.

போருக்குப் பின் கேம்பிரிட்ஜில் உளவியல் படித்தார். 1949இல் அங்கிருந்த பயன்பாட்டு உளவியல் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். பல விமானிகள் ஒரே நேரத்தில் பேசும்போது கட்டுப்பாட்டு அதிகாரி யாரைக் கேட்பது என்பது அன்றைய பெரும் சிக்கல்.

1954இல் வெளியான அவரது சோதனை எளிமையானது. காதணி ஒலிக்கருவி வழியாக இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு மூன்று எண்கள் ஒலித்தன. கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரு காதின் எண்களை முழுதாகச் சொன்ன பிறகே மறு காதின் எண்களைச் சொன்னார்கள். மூளை ஒரு வாசலில் வடிகட்டியே செய்தியை உள்ளே விடுகிறது என்று 1958இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதே ஆண்டு அப்பிரிவின் இயக்குநரானார்.

கவனிக்காத காதில் ஒலித்தாலும் சொந்தப் பெயர் சிலருக்குக் கேட்டுவிடுகிறது என்று 1959இல் நெவில் மோரே காட்டினார். வடிகட்டி முழுதாக அடைப்பதில்லை, ஒலியைத் தணிக்கிறது என்றார் ஆன் டிரைஸ்மன். பிராட்பென்ட்டின் கோட்பாடு திருத்தப்பட்டது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வியே ஒரு துறையை வளர்த்தது.

1974இல் நிர்வாகப் பொறுப்பை விட்டு ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். அங்கே, வந்த வேலையை மறப்பது போன்ற அன்றாடத் தடுமாற்றங்களை அளக்கும் வினாப்பட்டியலைச் சக ஆய்வாளர்களுடன் 1982இல் வெளியிட்டார். 1993 ஏப்ரல் 10ஆம் நாள் காலமானார்.

கைப்பேசியில் பேசியபடி நெடுஞ்சாலையில் வாகனம் ஓட்டுபவருக்கு அவர் ஆய்வு இன்றும் பொருந்தும். கை ஸ்டீயரிங்கில் இருந்தாலும், கவனத்தின் வாசல் குறுகியதே.