வெயிலில் நீண்ட சங்கிலி
நாட்டை அளந்த லாம்ப்டனின் வாழ்க்கை

கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் பஸ்ஸைப் பாருங்கள். லோயர் கேம்ப் தாண்டி வளைவு வளைவாக மலை ஏறும்போது எஞ்சின் முக்கும், முனகும். சூடு ஏறும். அப்போது எஞ்சினுக்குள் இருக்கும் உலோகம் எல்லாம் கொஞ்சம் பருக்கும், கொஞ்சம் நீளும்.

அது மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரியும். சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. சூடு பட்டால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பருக்கும். ஆகவே பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே தலைமயிர் பருமனுக்கு இடைவெளி விட்டுத்தான் எஞ்சின் செய்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் எஞ்சின் அளவுக்கு மேல் கொதித்தால், அந்த இடைவெளியும் அடைபட்டுப் பிஸ்டன் இறுகிவிடும். வண்டி நடு மலையில் நிற்க வேண்டியதுதான்.

மோட்டார் வருவதற்கு முன்பே இந்த உண்மை நம் கொல்லர்களுக்குத் தெரியும். மாட்டு வண்டிச் சக்கரத்தைவிடச் சற்றே சிறியதாக இரும்புப் பட்டையை வளைப்பார்கள். வறட்டித் தீயில் அதைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். பட்டை விரியும். சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். ஆணி இல்லாமலே அசையாது.

சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். விஷயம் இவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயத்துக்கு அஞ்சி, அதைக் கணக்கில் கொண்டு, ஒரு பெரிய நாட்டையே அளந்தார் ஒருவர். அவர் பெயர் வில்லியம் லாம்ப்டன்.

ஏழைக் குடும்பத்துப் பையன்

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்ஷயர் என்று ஒரு சீமை உண்டு. அங்கே ஓர் ஏழைக் குடும்பத்தில் லாம்ப்டன் பிறந்தார். 1750-களின் நடுவில் பிறந்தவர் என்பார்கள். பள்ளியில் அவருக்குக் கணக்கு நன்றாக வந்தது.

1781-ல் பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். அப்போது அமெரிக்க மக்கள் இங்கிலாந்தை எதிர்த்துச் சுதந்திரப் போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் போரில் அவர் சிறைப்பட்டார். விடுதலையான பிறகு கனடாப் பக்கத்தில் சாதாரண உத்தியோகம் ஒன்றில் பல ஆண்டுகள் கிடந்தார். சூரிய கிரகணத்தை உற்றுப் பார்த்து ஒரு கண்ணின் பார்வையை இழந்தார் என்றும் சொல்வார்கள். ஆனாலும் கணக்குப் புத்தகத்தை அவர் விடவில்லை.

1790-களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தார். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பெரிய பதவி இல்லை, பணமும் இல்லை.

நட்சத்திரம் காட்டிய வழி

1799-ல் கும்பெனிப் படை திப்பு சுல்தானை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சென்றது. லாம்ப்டனும் உடன் போனார். ஒரு நாள் இரவு, ஜெனரல் பெய்ர்டு என்பவரின் தலைமையில் ஒரு படைப் பிரிவு இருட்டில் நடந்துகொண்டிருந்தது. லாம்ப்டன் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரங்கள் இருக்கும் இடத்தைக் கவனித்தார். படை தன் முகாமுக்குத் திரும்பவில்லை, திப்புவின் முகாமை நோக்கியே போகிறது என்று கண்டுகொண்டார். ஜெனரலிடம் போய்ச் சொன்னார். ஜெனரல் முதலில் நம்பவில்லை. பிறகு திசைகாட்டியை எடுத்துப் பார்த்ததும் உண்மை தெரிந்தது. படை திரும்பியது, தப்பியது.

போர் முடிந்தது. மைசூர் ராஜ்யம் வீழ்ந்தது. கும்பெனியின் கைக்குப் பரந்த நிலம் வந்தது. ஆனால் அந்த நிலத்துக்குச் சரியான படம் இல்லை. லாம்ப்டன் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளப்பது என்பது திட்டம். 1800-ல் மதராஸ் அரசாங்கம் சம்மதம் தந்தது.

எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. இவ்வளவு செலவு எதற்கு என்று கும்பெனியின் கணக்குப் பார்க்கும் கமிட்டியில் ஒருவர் கேட்டார். ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டியவர் பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதாதா என்பது அவர் வாதம். அவர் கேலியை லாம்ப்டன் பொருட்படுத்தவில்லை.

முதல் கோடு

முக்கோண அளவை என்றால் என்ன? தரையில் ஒரு நேர்கோட்டை மிகவும் சரியாக அளக்க வேண்டும். அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்தில் உள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். பிறகு நடக்காமலே அந்தக் குன்றின் தூரம் கணக்கில் கிடைத்துவிடும். அதிலிருந்து அடுத்த முக்கோணம், பிறகு இன்னொன்று.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. முதல் கோடு தப்பானால் அடுத்தடுத்த முக்கோணம் எல்லாம் தப்பு. விதை சொத்தையானால் விளைச்சலும் சொத்தைதானே!

1802 ஏப்ரல் மாதம், மதராசுக்குத் தெற்கே பரங்கிமலை அருகே முதல் கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம். அதாவது சுமார் 12 கிலோமீட்டர். கையில் இருந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி.

அந்தச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோன பொருள்களில் அதுவும் ஒன்று. பேரரசர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அது கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்து, லாம்ப்டனின் வேலைக்காக வாங்கப்பட்டது.

வெயில் செய்த சோதனை

ஏப்ரல், மே மாதத்து மதராஸ் வெயிலைச் சொல்ல வேண்டுமா? காலையில் ஒரு சூடு. நடுப்பகலில் வேறு சூடு. காலையைவிடப் பகலில் பத்து டிகிரி சென்டிகிரேடு கூடினால், 100 அடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீளும். ஓர் அரிசி மணியின் நீளம்கூட இல்லை. இது ஒரு பிழையா என்று தோன்றும்.

ஆனால் ஏழரை மைலை அளக்க அந்தச் சங்கிலியை 400 முறை நீட்ட வேண்டும். மூன்றரை மில்லிமீட்டர் 400 தடவை சேர்ந்தால் 1,400 மில்லிமீட்டர். ஏறக்குறைய நாலரை அடி! அந்த நாலரை அடிப் பிழை முக்கோணத்துக்கு முக்கோணம் வளர்ந்துகொண்டே போகும்.

லாம்ப்டன் என்ன செய்தார்? சங்கிலியை வெறும் தரையில் போடவில்லை. நீண்ட மரப் பெட்டிகளைத் தாங்கிகளின்மேல் மட்டமாக வைத்து, அவற்றுக்குள் கிடத்தினார். வெயில் படாமல் மேலே கூடாரத் துணி பிடிக்கச் செய்தார். பெட்டிகளில் வெப்பமானிகளை வைத்தார். ஒவ்வொரு முறையும் நீளத்தோடு சூட்டையும் குறித்துக்கொண்டார். ஒரு டிகிரி சூட்டுக்குச் சங்கிலி எவ்வளவு நீளும் என்பதைத் தாமே சோதித்துப் பார்த்திருந்தார். பிறகு எல்லா அளவுகளையும் ஒரே சூட்டில் எடுத்த அளவாகக் கணக்கிட்டு மாற்றினார். உழைத்து உழைத்துச் சங்கிலி தேய்ந்து நீண்டுவிட்டதா என்று பார்க்க, வேலையில் பயன்படுத்தாத இன்னொரு சங்கிலியையும் வைத்திருந்தார்.

சூட்டை அவரால் தடுக்க முடியவில்லை. ஆனால் அதைக் கணக்குக்குள் பிடித்துப் போட்டுவிட்டார்.

பரீட்சை

இந்தப் பாடு வீண்போனதா? 1804-ல் அதற்குப் பரீட்சை வந்தது. முக்கோணங்கள் பெங்களூர் வரை போயிருந்தன. அங்கே ஒரு கோட்டின் நீளம் கணக்கில் கிடைத்தது. அதே கோட்டைச் சங்கிலியாலும் அளந்து பார்த்தார்கள். சுமார் ஏழு மைல் கோட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் நாலு அங்குலத்துக்கும் குறைவு!

இன்னொரு அதிசயமும் நடந்தது. மதராசுக்கும் மங்களூருக்கும் நடுவே 400 மைல் என்று பழைய படங்கள் காட்டின. லாம்ப்டனின் கணக்கில் 360 மைல்தான் வந்தது. படத்தில் இருந்த 40 மைல் நிலம் பூமியில் இல்லை.

அடுத்து வடக்கு தெற்காக ஒரு நீண்ட வரிசை தொடங்கினார். 78-வது தீர்க்கரேகையை ஒட்டி அது கன்னியாகுமரிப் பக்கம் வரை இறங்கியது. நம் தேனி அந்த ரேகைக்கு மேற்கே 60 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கோயமுத்தூர்ப் பக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் புதிய கோடுகளை அளந்து முன்கணக்கைச் சரிபார்த்தார்.

தஞ்சையில் விழுந்த அடி

கோணம் எடுக்க அவரிடம் தியோடலைட் என்ற பெரிய கருவி இருந்தது. எடை அரை டன். அது கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு மதராசுக்கு அனுப்பிவைத்தார்கள்.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அதைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி கல்லில் மோதியது. மூன்றடி அகல வட்டம் கோணிப்போனது. வேறொருவராக இருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பார். இங்கிலாந்திலிருந்து இன்னொரு கருவி வர ஆண்டுக்கணக்காகும்.

லாம்ப்டன் கூடாரத்துக்குள் புகுந்தார். கைவினைஞர்களை மட்டும் உடன் வைத்துக்கொண்டார். ஆப்பும் திருகாணியும் கப்பியும் கொண்டு, வளைந்த உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஆறு வாரத்தில் வட்டத்தைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். அதே கருவியோடு வேலை தொடர்ந்தது.

வழியில் ஒரு கல்லறை

ஆண்டுகள் ஓடின. மதராஸ் நில அளவைப் பள்ளியில் படித்த பையன்கள் அவரிடம் வேலை பழகினார்கள். முக்கோணங்கள் ஹைதராபாத்தைக் கடந்து வடக்கே ஏறின. ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற இளைஞர் 1818-ல் உதவியாளராக வந்தார்.

லாம்ப்டனுக்கு எழுபது வயது நெருங்கியது. உடம்பு தளர்ந்தது. ஆனாலும் ஓய்வு எடுக்கவில்லை. நாகபுரிக்குப் போகும் வழியில், ஹிங்கன்காட் என்ற ஊரில், 1823 ஜனவரி 20-ம் தேதி அவர் உயிர் பிரிந்தது. இன்று அது மகாராஷ்டிர மாநிலத்தில் இருக்கிறது. அவருடைய கல்லறையும் அங்கேதான்.

வேலையை எவரெஸ்ட் தொடர்ந்தார். சங்கிலியை விட்டு, 1830-ல் புதுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். இரும்புச் சட்டம் ஒன்று. பக்கத்திலேயே பித்தளைச் சட்டம் ஒன்று. இரும்பு மூன்று பங்கு நீண்டால் பித்தளை ஐந்து பங்கு நீளும். இரண்டின் முனைகளையும் சிறு நாக்குப் போன்ற துண்டால் இணைத்தார்கள். சூடு ஏறும்போது சட்டங்கள் நீளும், நாக்குச் சாயும். ஆனால் நாக்கின்மேல் சரியான இடத்தில் குத்திய புள்ளி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு முனைப் புள்ளியிலிருந்து மறு முனைப் புள்ளிக்குப் பத்து அடி. வெயிலிலும் பத்து அடி, குளிரிலும் பத்து அடி! எந்த உலோகம் தொல்லை தந்ததோ அந்த உலோகத்தைக் கொண்டே தொல்லையை வென்றார்கள்.

அந்த முக்கோண வரிசை இமயமலை வரை போயிற்று. உலகத்தின் மிக உயர்ந்த சிகரத்தைக் கணக்கில் கண்டது அந்த இலாகாதான். 1865-ல் அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெருமை லாம்ப்டனின் பெயருக்கு வாய்க்கவில்லை.

ஆனால் அவர் காட்டிய வழி இன்றும் வேலை செய்கிறது. கடைசல் பட்டறையில், லேத்திலிருந்து சூடாக இறக்கிய துண்டை உடனே அளக்க மாட்டார்கள். ஆறவிட்டுத்தான் அளப்பார்கள். சூடான எஞ்சினைப் பிரித்து இடைவெளி பார்க்கவும் அவசரப்பட மாட்டார்கள். உலோகத்தை அளப்பதற்கு முன் அதன் சூட்டைப் பார் என்பதே அந்தப் பாடம். அரிசி மணி அளவுப் பிழையைக்கூட அலட்சியம் செய்யாதவர், ஒரு தேசத்தின் அளவையே திருத்திக் காட்டினார்.